மட்டக்களப்பிலிருந்து மாலைதீவுக்கு: ஆங்கில ஆசிரியர் வேலை எடுப்பது எப்படி?

களுவாஞ்சிக்குடியில் டியூஷன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நான் இப்போது மாலைதீவில் ஒரு தீவுப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினாய் பிள்ளை?" என்று கேட்கிறார்கள். ஒரு சதமும் கட்டவில்லை. பாடசாலைக்கு நேரடியாக விண்ணப்பித்தேன்.

1. நாடு

தென் கொரியாவைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். அங்கே ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாட்டவருக்கென்று வைத்தது. நம் கடவுச்சீட்டு அதில் சேராது. வளைகுடாவில் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். மாலைதீவுப் பாடசாலைகளில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடப்பதால் நம்மவர்களுக்கு நெடுங்காலமாக அங்கே இடமுண்டு.

2. கற்பித்தல் சான்றிதழ்

டெஃப்ல் (TEFL, ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிப்பதற்கான பயிற்சி) என்றால் 120 மணிநேரத்துக்குக் குறைந்ததைத் தொடவே வேண்டாம். வசதியிருந்தால் கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் சான்றிதழான செல்ட்டா (CELTA) செய்யுங்கள். அதில் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் 6 மணிநேரம் கற்பித்தாக வேண்டும். தாளங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரி முடித்தவர்கள் முதலில் அந்த டிப்ளோமாவை வைத்தே விண்ணப்பித்துப் பாருங்கள் என்பேன்.

3. பெயர்

நான் இரண்டு மாதம் தொலைத்தது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் மட்டும். அடையாள அட்டையில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். பட்டச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் முதலெழுத்து. கடவுச்சீட்டிலோ அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. போதாக்குறைக்கு என் பெயரிலுள்ள 'தி'க்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'எச்' இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம். வேலை அனுமதி எடுப்பவருக்கோ நான் மூன்று வெவ்வேறு பெண்கள்.

செய்ய வேண்டியது இது: கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். எல்லாப் பெயர்களும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்த பிறகுதான் எனக்குக் காரியம் நகர்ந்தது. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பளத்தைப் பார்க்குமுன் பெயரைப் பாருங்கள்.

4. அத்தாட்சிப்படுத்தல்

பட்டத்தைப் பல்கலைக்கழகமும், உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களமும் உறுதிப்படுத்திய பின் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி முத்திரை வாங்க வேண்டும். இரவு பஸ்ஸில் கொழும்பு போகுமுன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்குங்கள். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். என் தோழி பத்திரமாக இருக்கட்டும் என்று செய்து வைத்திருந்தாள். முத்திரை குத்த இடமில்லாமல் புதுப் பிரதிக்கு அலைந்தாள்.

5. நேர்முகம்

மாலைதீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். அவர்களின் 10 மணி நமக்கு 10.30. ஒன்பதரைக்கே சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மணிநேரம் வியர்த்தவள் சொல்கிறேன். காதில் மாட்ட வயருள்ள ஹெட்செட்தான் நல்லது. புளூடூத் முக்கியமான கேள்வியில்தான் அறுந்து போகும். மாதிரிப் பாடத்துக்கு ஸ்லைடு வேண்டாம், சின்ன வெள்ளைப் பலகை போதும். மின்சாரம் போனாலும் அது கையில் இருக்கும்.

6. புறப்படுமுன்

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள். "முதலில் விசிட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்" என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். முகவர் உரிமம் பெற்றவரா என்ற சந்தேகம் வந்தால் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

பிற்சேர்க்கை: இதை வாசித்த அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர், தலைநகர் மாலேயில் வேலை என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிட்டு, தூரத்து அட்டோல் (பவளத் தீவுக்கூட்டம்) ஒன்றில் போய் இறங்கியிருக்கிறார். எந்தத் தீவு, அங்கே போகும் படகுச் செலவு யாருடையது, தங்குமிடத்தில் சமைக்கலாமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அம்மா என் பெட்டியில் ஒரு கிலோ மாசிக் கருவாடு வைத்துக் கட்டிவிட்டார். நீங்கள் அதைக் கொண்டுவர வேண்டாம், மாசிக்குப் பேர்போன ஊரே இதுதான். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொண்டுவாருங்கள்.