கிளட்ச் மாற்றும்போது ஃபிளைவீலையும் மாற்றணுமா? பார்த்து முடிவு செய்வது எப்படி

"கியர்பாக்ஸ் இறக்கியாச்சு சார், ஃபிளைவீலும் போயிருக்கு, சேர்த்து மாத்திடலாமா?" என்று மெக்கானிக் போனில் கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் இரண்டுதான். ஒன்று, "சரி, மாத்திடுங்க". இல்லையென்றால், "அதெல்லாம் வேண்டாம், பிளேட் மட்டும் போடுங்க". இரண்டுமே பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல்வது. ஃபிளைவீல் என்பது என்ஜினின் கிராங்க் தண்டு முனையில் மாட்டியிருக்கும் கனமான இரும்பு வட்டு, கிளட்ச் பிளேட் அதன் முகத்தில்தான் உரசும். முதல் பதிலில் நல்ல ஃபிளைவீல் பழைய இரும்புக்குப் போகலாம், இரண்டாவதில் புது கிளட்ச் போட்ட வண்டி மறுநாளே முதல் கியரில் உதறலாம், அப்புறம் திரும்ப கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, கியர்பாக்ஸ் இறங்குகிற நாளில் அரை மணி நேரம் ஒதுக்கிப் பட்டறைக்குப் போய்விடுங்கள். ஃபிளைவீலின் முகத்தைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்றால், கிளட்ச் செட் என்று கடையில் கொடுப்பது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இந்த மூன்றும்தான். பிளேட்டின் ஒரு பக்கம் புது பிரஷர் பிளேட்டில் உரசும், இன்னொரு பக்கம் பழைய ஃபிளைவீலில்தான் உரசும். அந்தப் பழைய முகம் வளைந்தோ கோடு விழுந்தோ இருந்தால் பிளேட் சமமாக உட்காராது. கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது, ஆகவே ஃபிளைவீலைப் பற்றிய முடிவை "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தள்ளுவதில் லாபமே இல்லை.

வேலைக்கு விடும்போதே மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியதும் போன் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் வருகிற வரை எதையும் துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துடைக்காமல் இருந்தால்தான் எண்ணெய் எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் சூடேறியது என்பதற்கான தடயம் இருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவிப் பளபளவென்று வைத்துவிட்டால் உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முதலில் எந்த வகை என்று கேளுங்கள்

ஃபிளைவீலில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டி இரும்பு, ஒரே வார்ப்பு. நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று டூயல் மாஸ். இரண்டு தட்டு, நடுவில் வளைந்த நீளமான ஸ்பிரிங்குகள், கிரீஸ். டீசல் என்ஜினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ளும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களிலும், எக்ஸ்யூவி 500 மாதிரி பெரிய டீசல் வண்டிகளிலும் இது வரும். ஒரே பெயரில் வரும் வண்டியில்கூட வருஷத்துக்கு வருஷம், என்ஜினுக்கு என்ஜின் மாறலாம், அதனால் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட்ஸ் கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விலை வித்தியாசம் பெரிது. கட்டி ஃபிளைவீல் சில ஆயிரத்தில் முடியும், டூயல் மாஸ் பல பத்தாயிரத்துக்குப் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "மாத்திடுங்க" என்று சொல்லிவிடக் கூடாது.

கட்டி ஃபிளைவீலில் என்ன பார்க்க வேண்டும்

கையில் நல்ல டார்ச் இருக்கட்டும். பிளேட் உரசுகிற வளையம் போன்ற பகுதியில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில், வட்டமாகச் சன்னக் கோடுகளோடு, எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தால் நல்ல ஃபிளைவீல். நகத்தை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கவலை இல்லை, 80 நம்பர் எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். நகம் ஒவ்வொரு கோட்டிலும் மாட்டி மாட்டி நின்றால் பிளேட்டின் லைனிங் முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஃபிளைவீலைக் கீறியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கிரைண்டிங் (கல் வைத்து அரைப்பது) பண்ணியாக வேண்டும், கீறல் ரொம்ப ஆழம் என்றால் மாற்ற வேண்டும்.

அடுத்து நிறம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட உற்றுப் பார்ப்பேன். முகம் முழுக்க லேசாக நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் ஒரு தடவை நன்றாகச் சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, சிலசமயம் அதைவிடப் பெரிதாக, கருநீலத் திட்டுகள் தனித்தனியாக வட்டமாக உட்கார்ந்திருந்தால் அது வேறு விஷயம். அந்த இடத்தில் வார்ப்பிரும்பு கடுமையாகச் சூடேறிச் சட்டென்று குளிர்ந்ததில் அதன் தன்மையே மாறி, சுற்றியுள்ள இரும்பைவிடக் கெட்டியாகிவிட்டது. மேல்தோலில் மட்டும் இல்லை, உள்ளேயும் இறங்கியிருக்கும். மேலே மட்டும் சுரண்டிவிட்டு மாட்டினால், திரும்பச் சூடேறும்போது அந்தத் திட்டு லேசாக எழும்பும், அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பிளேட்டைத் தட்டும். முதல் கியரில் கிளட்ச் விடும்போது வண்டி தடதடவென்று உதறுவது இப்படித்தான் திரும்ப வருகிறது. திட்டு ஒன்றிரண்டு, அதுவும் கிரைண்டிங்கில் சுத்தமாக மறைந்துவிட்டது என்றால் போடலாம். கிரைண்டிங் முடிந்த பிறகும் நிழல் மாதிரித் தெரிந்தால் அதற்கு மேல் செலவு செய்யாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

விரிசல் இன்னொன்று. காய்ந்த ஏரி மண் மாதிரிச் சன்னச் சன்னமாகப் பிளந்திருக்கும். மேலோட்டமாக இருந்து கிரைண்டிங்கில் போய்விட்டால் பரவாயில்லை. எந்த ஒரு விரிசலாவது வெளி விளிம்பையோ போல்ட் துளையையோ தொட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அந்த ஃபிளைவீல் திரும்ப வண்டிக்குள் போகக் கூடாது. நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று சுற்றுகிற கனமான இரும்பு அது. உடைந்தால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டைப் பிளந்துகொண்டு வரும், பக்கத்திலேயே உங்கள் கால் இருக்கிறது.

வளைவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நேர்க்கோல் ஒன்றை முகத்தின் குறுக்கே வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. அதைவிட நல்லது, ஃபிளைவீல் என்ஜினில் இருக்கும்போதே டயல் கேஜ் (முள் காட்டும் அளவுக் கருவி) வைத்து ஒரு சுற்று சுற்றி, முகம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. பல கம்பெனிக் கையேடுகளில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான் அனுமதி, உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றும்போது ஃபிளைவீலை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிராங்க் முன்பின் நகர்வதும் அளவில் சேர்ந்துவிடும்.

அப்படியே ஃபிளைவீலின் விளிம்பைச் சுற்றியிருக்கும் பல் வளையமான ரிங் கியரின் பற்களையும் ஒரு சுற்று பாருங்கள். நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், ஸ்டார்ட்டர் அங்கேயே கடித்துக் கடித்து அந்தப் பற்கள் மட்டும் தேயும். ஸ்டார்ட் செய்யும்போது எப்போதாவது 'கரக்' என்று சத்தம் வந்திருந்தால் காரணம் இங்கே இருக்கும். கட்டி ஃபிளைவீலில் ரிங் கியரை மட்டும் தனியாக மாற்றலாம், சூடாக்கி ஏற்றுவார்கள்.

லேத்தா, கிரைண்டிங்கா

நம் பக்கம் "லேத்தில் ஒரு ஃபேஸிங் கொடுத்துடலாம்", அதாவது முகத்தை டூலால் சீவிடலாம் என்பது வழக்கம். வெறும் கோடுகள் என்றால் கைதேர்ந்த ஆள் லேத்தில் செய்வது ஓரளவு சரியாக வரும். நீலத் திட்டு இருக்கிற ஃபிளைவீலுக்கு லேத் கூடாது. கெட்டியான இடம் வந்ததும் டூல் மேலே ஏறி இறங்கிப் போய்விடும், மேடு அப்படியே இருக்கும். கல் வைத்து அரைக்கிற கிரைண்டிங்தான் வேண்டும். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள், கடலூரில் என்ஜின் ரீபோரிங் செய்கிற பட்டறைகளில் கேளுங்கள். கிரைண்டிங் கடலூரில் அமையவில்லை என்றால் ஃபிளைவீலைப் பாண்டிக்குக் கொடுத்தனுப்புவது பெரிய காரியமே இல்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில ஃபிளைவீலில் பிளேட் உரசுகிற முகமும் பிரஷர் பிளேட் மாட்டுகிற முகமும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒரு படி இருக்கும். உரசுகிற முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ அதே அளவு மாட்டுகிற முகத்திலும் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்து புது கிளட்ச் வழுக்கும். குறைந்தபட்சக் கனம் என்று கம்பெனி ஒரு அளவு கொடுத்திருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. அரைக்கவே வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்தால், மாற்றுவதுதான் வழி.

டூயல் மாஸ் என்றால்

இங்கே கணக்கு வேறு. முகத்தை மட்டும் பார்த்துப் பயன் இல்லை, உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெளித் தட்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்து, அப்புறம் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுவது கையில் தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடி 'டக்' என்று இடித்தால் அது முடிந்துவிட்டது. எத்தனை டிகிரி ஆடலாம், முன்பின் எத்தனை மி.மீ. சாயலாம் என்பது பார்ட் நம்பருக்கு நம்பர் மாறும், தயாரிப்பாளரே அளவு வெளியிடுகிறார், அந்த அட்டவணையை வைத்துத்தான் மெக்கானிக் அளக்க வேண்டும். "ஆடுது சார்" என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். ஆடத்தான் செய்யும், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பெல் ஹவுசிங் உள்சுவரில் கிரீஸ் தாராளமாகத் தெறித்துக் கிடந்தாலும், முகத்தில் நீலத் திட்டும் விரிசலும் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டூயல் மாஸை அரைக்கக் கொடுக்க வேண்டாம்.

வண்டியை விடுவதற்கு முன்னாலேயே சில அறிகுறி கிடைத்திருக்கும். என்ஜினை அணைக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம், ஐடிலில் தேவையில்லாத அதிர்வு, இதெல்லாம் இருந்தால் பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். வண்டி லட்சம் கிலோமீட்டரை நன்றாகத் தாண்டி, முதல் டூயல் மாஸே இன்னும் ஓடிக்கொண்டிருந்து, அளவும் எல்லையை ஒட்டி வந்தால் நான் மாற்றத்தான் சொல்வேன். இன்ஜெக்டர் கோளாறால் என்ஜின் குலுங்கினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அந்தக் குலுக்கல் புது டூயல் மாஸையும் சீக்கிரம் தின்றுவிடும். செலவைக் குறைக்கக் கட்டி ஃபிளைவீலுக்கு மாற்றும் கிட் சில வண்டிகளுக்குக் கிடைக்கும். அதைப் போட்டால் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகும், குறைந்த வேகத்தில் சத்தமும் கூடும். வண்டியை இன்னும் பல வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் எனக்கு அதில் விருப்பம் இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

நம் ஊருக்கென்று இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூரையும் விடவில்லை. பெல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போய்ப் பல நாள் நின்ற வண்டியில் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், கிளட்சை அழுத்தினாலும் கியர் விழாது. பிரித்துப் பார்க்கும்போது முகத்தில் பிளேட்டின் அச்சு துருவாகப் பதிந்திருக்கும். எமரியில் போகிற துரு என்றால் சரி, குழி விழுந்திருந்தால் கிரைண்டிங். டூயல் மாஸுக்குள் சேற்றுத் தண்ணீர் போயிருந்தால் கழுவிக் காப்பாற்ற முடியாது, கழுவினால் உள்ளே இருக்கும் கிரீஸ்தான் போகும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது அந்த மழையில் எங்கே நின்றது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது

ஃபிளைவீலைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் விலை சொற்பம், அது கசிந்தால் புது பிளேட் எண்ணெயில் ஊறி வீணாகிவிடும். ஏற்கெனவே எண்ணெய் ஈரம் இருந்தால் தொட்டு முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், அப்போது கியர்பாக்ஸ் சீலைப் பார்க்க வேண்டும். ஃபிளைவீல் போல்ட்டுகள் பல வண்டிகளில் ஒரு தடவை முறுக்கினால் நீளுகிற வகை, புதிதுதான் போட வேண்டும். குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக, படிப்படியாக முறுக்கச் சொல்லுங்கள். பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சின்ன பேரிங்) இருக்கிற வண்டி என்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கடைசியாக முகத்தில் கைரேகைகூட இல்லாமல் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் பிளேட்டை வைக்க வேண்டும்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் 500 கிலோமீட்டர் கிளட்சை மென்மையாக நடத்துங்கள். முருங்கப்பாக்கத்திலிருந்து அரியாங்குப்பம் வரை சாயங்கால நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்துகொண்டே இருக்காமல், முன்னால் இடம் விட்டு நியூட்ரலில் நின்று, அப்புறம் நகருங்கள். ஆரம்பத்தில் லேசான உதறல் இருந்தால் பிளேட் படியும்போது அடங்கிவிடும். 500 தாண்டியும் அடங்கவில்லை என்றால், கியர்பாக்ஸைத் திரும்ப இறக்கச் சொல்வதற்கு முன்னால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளைப் பாருங்கள். ரப்பர் கிழிந்த மவுண்ட்டும் இதே உதறலைத்தான் கொடுக்கும், அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.