முதல் டார்கெட் ரைஃபிள் வாங்கப் போறீங்களா? இந்த வரிசையில பாருங்க

புதுசா ஷூட்டிங்க்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த கம்பெனி வாங்கலாம்"னுதான். அந்தக் கேள்விய கடைசிக்குத் தள்ளி வைங்க. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் இவங்க போடற மேட்ச் ரைஃபிள் (போட்டிக்குன்னே செய்யறது) எதுவா இருந்தாலும் ஆரம்பத்துல நம்ம சுடற லெவலுக்கு ரொம்ப மேலதான் இருக்கும். உங்க உடம்புக்கு அது செட் ஆகுதாங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

ஸ்டெப் 1: வாங்கறதுக்கு முன்னாடி க்ளப்

ஏதாவது ஒரு க்ளப்ல சேர்ந்து அவங்க ரைஃபிள்லயே கொஞ்ச மாசம் சுடுங்க. ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணுமா, எத்தனை வயசு ஆகணும், வீட்ல எப்படி பூட்டி வைக்கணும்ங்கறதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் அங்கயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா பணத்தை எடுங்க.

அப்படியே உங்க கண்ணையும் டெஸ்ட் பண்ணிடுங்க. ரெண்டு கையையும் நீட்டி நடுவுல சின்ன ஓட்டை வர்ற மாதிரி சேர்த்து, தூரத்துல இருக்கற ஒரு பொருளை அது வழியா பாருங்க, இப்ப ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளயே நிக்குதோ அதுதான் உங்க மெயின் கண். வலது கைக்காரருக்கு இடது கண் மெயினா இருந்தா கோச் கிட்ட சொல்லிடுங்க, ஏன்னா வலது கை ஸ்டாக் (பிடிச்சு தோள்ல வைக்கற கட்டைப் பகுதி) வாங்கணுமா இடது கை ஸ்டாக் வாங்கணுமாங்கறது இங்கதான் முடிவாகுது.

ஸ்டெப் 2: 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஆரம்பிங்க

இது 1984லருந்து ஒலிம்பிக்ல இருக்கற போட்டி. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) 4.5 மில்லிமீட்டர், டார்கெட்ல 10 பாயிண்ட்ங்கறது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பாயிண்ட் 22 ரைஃபிள்ல (வெடிமருந்து தோட்டா போடறது) 50 மீட்டர் சுடணும்னு ஆசை இருந்தாலும் நிக்கறது, மூச்சை நிறுத்தறது, ட்ரிக்கர் அழுத்தறது எல்லாத்தையும் இதுல கத்துக்கிட்டுப் போனா அங்க ரொம்ப சுலபமா இருக்கும். "பவர் அதிகம்"னு சொல்லி 5.5 மில்லிமீட்டர் துப்பாக்கிய யாராவது காட்டினா வேண்டாம்னு சொல்லிடுங்க, மேட்ச் ரைஃபிள்ல பெல்லட் செகண்டுக்கு சுமார் 170 மீட்டர் வேகத்துலதான் போகும், பேப்பர்ல ஓட்டை போட அது தாராளமா போதும்.

ஸ்டெப் 3: உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

ஸ்ப்ரிங் துப்பாக்கில பெல்லட் பேரல விட்டு வெளிய போறதுக்குள்ளயே பிஸ்டன் முன்னாடி பாயும், அந்த உதறல் உங்க குறியைக் கெடுக்கும். இதைத் தடுக்கற மாதிரி செஞ்ச பழைய மேட்ச் மாடல் இருக்கு, ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் அதுல ஒண்ணு, நல்ல நிலைமைல கிடைச்சா தைரியமா எடுக்கலாம். ஒரு தடவை லீவர் இழுத்து காத்து அடைக்கற மாடல்ல உதறல் கிடையாது, ஆனா ஒவ்வொரு ஷாட்டுக்கும் இழுக்கணும், சின்னப் பிள்ளைங்களுக்கு கை ஓஞ்சிடும். இப்ப எல்லாரும் வச்சிருக்கறது 200 பார் அழுத்தத்துல காத்து நிரப்பற சிலிண்டர் மாடல். என் ஓட்டும் அதுக்குத்தான், ஆனா காத்து நிரப்ப க்ளப்ல வசதி இருக்கான்னு கேட்டுக்குங்க.

ஸ்டெப் 4: உடம்புக்கு செட் ஆகுதா

இதுக்கு நிறைய டைம் எடுத்துக்குங்க, கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீங்க. ஷூட்டிங் ஜாக்கெட் இருந்தா அதைப் போட்டுக்கிட்டே பாருங்க, ஏன்னா அதோட தடிமனுக்கு அளவு மாறும். ரைஃபிள தூக்கி தோள்ல வச்சு கண்ண மூடிக்கிட்டு கன்னத்தை சாயுங்க, கழுத்து சௌகரியமா இருக்கற இடத்துல நிறுத்தி கண்ணத் திறங்க. பின் சைட் (குறி பாக்கற பாகம்) ஓட்டைக்கு நடுவுல முன் சைட் வளையம் தானா வந்து நிக்கணும். கழுத்தை நீட்டியோ முகத்தை அழுத்தியோ பாக்க வேண்டி வந்தா சீக் பீஸ (கன்னம் சாயற பாகம்) ஏத்தி இறக்கிப் பாருங்க, அப்பவும் வரலன்னா அந்த ஸ்டாக் உங்களுக்கு இல்ல. அடுத்து பட் ப்ளேட், அதாவது தோள்ல பதியற பின் தகடு, ட்ரிக்கர்லருந்து எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க. க்ரிப்ப சாதாரணமா பிடிச்சா ஆள்காட்டி விரலோட நுனிச் சதை ட்ரிக்கர் மேல நேரா உக்காரணும். சீக் பீஸ், பட் ப்ளேட் ரெண்டும் நகராத ரைஃபிள வாங்கவே வாங்காதீங்க, குறிப்பா வளர்ற பிள்ளைங்களுக்கு.

எடைக்கு போட்டி ரூல் 5.5 கிலோவ தாண்டக் கூடாதுன்னு சொல்லுது, அதுக்காக அவ்வளவு எடை உங்களுக்கு வேணும்னு அர்த்தமில்ல. நின்னுக்கிட்டு சுடும்போது முன் கை முழங்கை இடுப்பெலும்புல உக்காந்து எலும்புதான் பாரத்தைத் தாங்கணும். தூக்கிப் பிடிச்ச கொஞ்ச நேரத்துலயே தோள் இறுகுதுன்னா இலகுவான ஜூனியர் மாடல் பாருங்க.

ஸ்டெப் 5: ட்ரிக்கர், சைட்

ட்ரிக்கர் ரெண்டு கட்டமா இருக்கணும், முதல் கட்டம் லேசா வந்து ஒரு இடத்துல நிக்கும், அதுக்கப்புறம் சின்ன அழுத்தத்துல விடும். அந்த நிக்கற இடம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஸ்கோப் போட்டிக்கு ஆகாது, சின்ன ஓட்டை வழியா பாக்கற பீப் சைட்தான் வேணும். முன் வளையத்தை ரொம்ப சின்னதா வச்சுக்காதீங்க, கறுப்பு வட்டத்தைச் சுத்தி வெள்ளை தாராளமா தெரியணும், நெருக்கமா இருந்தா கண்ணு தடுமாறி ஷாட்ட விட மனசே வராது.

ஸ்டெப் 6: செகண்ட் ஹேண்ட்னா

சிலிண்டர்ல போட்டிருக்கற தேதிய முதல்ல பாருங்க. நிறைய கம்பெனி 10 வருஷம்தான் பயன்படுத்தலாம்னு சொல்றாங்க, தேதி தாண்டினதை வாங்கினா புது சிலிண்டர் செலவையும் விலைல சேர்த்துக் கணக்கு போடுங்க. காத்து நிரப்பி ஒரு நாள் விட்டு மீட்டர் இறங்குதான்னு பாக்கணும். அப்புறம் ரைஃபிள ரெஸ்ட்ல (அசையாம தாங்கற ஸ்டாண்ட்) வச்சு தட்டை மூக்கு பெல்லட்ல ரெண்டு மூணு வகை சுட்டுப் பாருங்க, 4.49, 4.50ன்னு தலை அளவு மாறினாலே சில பேரல்ல குரூப் (ஓட்டைங்க விழற கூட்டம்) விரியும் சுருங்கும்.

கையில இருக்கற மொத்தத்தையும் ரைஃபிள்லயே போட்டுடாதீங்க. ஜாக்கெட், கையுறை, பெல்லட், துப்பாக்கி காலின்னு காட்ட பேரலுக்குள்ள விடற சேஃப்டி ஃப்ளாக், பூட்டற பெட்டி இதெல்லாம் வேணும். வாங்கிட்டு வந்ததும் சீக் பீஸ், பட் ப்ளேட் எந்தக் கோட்டுல இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, அப்புறம் ஒரு தடவைக்கு ஒரு ஸ்க்ரூ மட்டும் மாத்தி சுட்டுப் பாருங்க.