பிளேடை வார்ல தீட்டுறப்ப பண்ற தப்புகள், ஒரு உப்புக்காத்து ஊர்க்காரன் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

தடைக்காலம் தெரியும்ல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, எங்க ராமநாதபுரத்து மண்டபம் பக்கம் போட்டு பூரா கரையில கட்டிக் கெடக்கும், நமக்கும் வேலை கெடையாது. அப்படி ஒரு தடைக்காலத்துலதான் சலூன்ல வச்சிருப்பாங்களே, பிளேடை ரெண்டா ஒடிச்சு மாட்டுற கத்தி, அதுல ஒண்ணு வாங்கி நானே ஷேவ் பண்ணிப் பழகுனேன். மொத வாரம் தாடையில கீறல் விழாத எடம் இல்ல. புது பிளேடு கடிக்குது, மூணாவது ஷேவுல அதே பிளேடு முடியப் புடிச்சு இழுக்குது. தோல் வார்ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் போட்டா வழுவழுன்னு போகும்னு சொன்னாங்க, நானும் ஆரம்பிச்சேன், அதுல என்னென்ன தப்பு உண்டோ அத்தனையும் பண்ணிப் பாத்துட்டேன்.

எல்லாரும் பண்ற மொத தப்பு, தீட்டுனா பிளேடு கூராகும்னு நெனக்கிறது. சாணை பிடிக்கிறது வேற, வார்ல தீட்டுறது வேற. சாணைக்கல்லு இரும்பைத் தேச்சு எடுத்து புது முனையை உண்டாக்குது. வெறும் தோலு அப்படி எதையும் எடுக்காது, முனையில லேசா மடங்கிப்போன, பிசிரு தட்டுன எடத்தை நேராக்கி விடுது, அம்புட்டுதான். சாயல்குடி பக்கம் பனை ஏறுறவங்க பாளை அருவாளைத் தீட்டுறதப் பாத்து வளந்த நமக்கு இது மண்டையில ஏறாது, ஏன்னா அது தடிச்ச இரும்பு, தேயத் தேய உள்ள இன்னும் இரும்பு இருக்கு. பிளேடோட கனமே 0.1 மில்லிமீட்டர்தான், அதுல எங்கேர்ந்து எடுக்குறது?

இன்னொன்னு, பிளேடு மழுங்குறது தேஞ்சு மட்டும் இல்ல. 2020ல அமெரிக்காவுல எம்ஐடிங்கிற பல்கலைக்கழகத்து ஆளுங்க மைக்ரோஸ்கோப்புல வச்சு ஷேவ் பண்ணிப் பாத்தாங்க, பிளேடை விட 50 மடங்கு மிருதுவா இருக்குற முடி எப்படிடா எஃகைக் கெடுக்குதுன்னு. முடி வளைஞ்சு சாய்வா வந்து முனையில மோதுறப்ப, எஃகு ஒரே சீரா இல்லாத எடத்துல சின்னச் சின்னச் சில்லா பேந்து போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. பேந்த எடத்தை எந்தத் தோலும் நெரப்பாது. அதனால ஏழு எட்டு ஷேவ் ஓடுன பிளேடை எடுத்து வச்சுக்கிட்டு அரை மணி நேரம் தீட்டுறது வெட்டி வேலை. தீட்டுறதுல பலன் கெடைக்கிறது ரெண்டு நேரத்துல, ஒண்ணு புது பிளேடோட அந்த மொதக் கடியைக் கொஞ்சம் தணிக்க, இன்னொன்னு நடு ஆயுசுல ஒரு ஷேவு கூடுதலா ஓட்ட.

எங்க அய்யா கண்ணாடி கிளாஸுக்குள்ள பிளேடை வச்சு விரலால அமுக்கி முன்னயும் பின்னயும் தேய்ப்பாரு, ஒரு பிளேடு மாசக்கணக்குல வரும்னு பெருமையா சொல்லுவாரு. பொய் இல்ல, ஆனா அது வேற பிளேடு. கார்பன் எஃகு, மேல பூச்சு கெடையாது. ஸ்டெயின்லெஸ் பிளேடு பரவுனதே 1960கள்லேர்ந்துதான், இப்ப வர்ற பிளேடுல பெரும்பாலும் குரோமியம், பிளாட்டினம், அதுக்கு மேல டெஃப்லான் மாதிரி வழுக்குற பூச்சுன்னு இருக்கு. கண்ணாடில போட்டு ஒரைச்சா மொதல்ல போறது அந்தப் பூச்சுதான். பச்சை கலர் பேஸ்ட் தடவுன வாரும் அப்படித்தான், அது எஃகைத் தேச்சு எடுக்குற சாமான், பிளேடு மாட்டாத நெசமான சவரக்கத்திக்கு வச்சுக்கங்க, பிளேடுக்கு வேண்டாம்.

அடுத்து திசை. கூரு முன்னால போகக்கூடாது, முதுகு முன்னால போகணும், கூரு பின்னாலயே இழுபட்டு வரணும். கேக்க ஈஸியா இருக்கும், ஆனா திரும்பி வர்றப்பதான் கை ஏமாத்தும். இந்தப் பக்கம் இழுத்து முடிச்சதும் கத்தியை முதுகு மேல உருட்டித் திருப்பணும், கூரு மேல உருட்டுனீங்கன்னா அந்த ஒரு தடவையிலயே முனை மடிஞ்சுரும், தோலும் கிழியும். என் வாருல நாலு வெட்டு இருக்கு, நாலும் மொத நாள்ல விழுந்தது.

இதுலயே இன்னொரு சிக்கல், இத யாரும் சொல்றதில்ல. நெசமான சவரக்கத்திக்கு முதுகு தடியா இருக்கும், முதுகையும் கூரையும் ஒண்ணா தோல்ல படுக்க வச்சா சாய்வு தன்னால சரியா அமைஞ்சுரும். பிளேடு கத்தில பிளேடு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறதே கொஞ்சூண்டு, அதப் புடிச்சிருக்குற தகடு தடியா இருக்கும். படுக்க வச்சா தகடுதான் தோல்ல ஒரசும், கூரு படவே படாது, படணுமேன்னு நாம கையைத் தூக்குவோம், தூக்குனா சாய்வு ஏறி முனை மொண்ணையாகிரும். கூரு பட்டும் படாமலும் இருக்குற அளவுக்கு மட்டும் சாய்க்கணும், சத்தம் வரக்கூடாது, கரகரன்னு கேட்டா தூக்கிட்டீங்கன்னு அர்த்தம். அமுக்கவும் கூடாது. அமுக்குனா தோலு குழிஞ்சு முனையைச் சுத்தி ஏறும், பிளேடும் வளையும். தொங்குற வாரு தொய்வா இருந்தாலும் இதே கதைதான், அதனால மேசை மேல படுக்க வச்சுப் பண்றது உத்தமம்.

எத்தனை இழுப்பு? நெசமான கத்திக்கு அம்பது அறுவதுன்னு இழுப்பாங்க, அத அப்படியே பிளேடுக்குப் பண்றவங்க இருக்காங்க. நான் பக்கத்துக்கு அஞ்சாறு, அதுக்கு மேல போனா எனக்கு நல்லது எதுவும் தெரியல. தோலு இல்லன்னா பழைய ஜீன்ஸ் துணி போதும், ஆனா துவைச்சது, தையல் இல்லாத எடம். கடக்கரைக்குப் போட்டுட்டுப் போன ஜீன்ஸை எடுத்தீங்கன்னா ஒரு மணல் பொடி போதும் பிளேடு காலி. உள்ளங்கையில தீட்டுறவங்களும் உண்டு, அவங்க தைரியம், நமக்கு நாளைக்கு வலை இழுக்கணும்.

இப்ப நான் ரொம்ப லேட்டா புரிஞ்சுக்கிட்ட விஷயம். நம்ம ஊர்ல பாதிப் பேரு பிளேடு மொண்ணைன்னு திட்டுறது பிளேடோட குத்தமே இல்ல, தண்ணியோட குத்தம். போர்ல வர்ற தண்ணி உப்பு, அதுல சோப்பு நுரைக்காது, கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேந்து வெள்ளையா திரிஞ்சு போகும். நுரை மெல்லிசா இருந்தா முடி ஊறாது, ஊறாத முடி வெறைப்பா நிக்கும், பிளேடு இழுக்கும், நாம உடனே வாரைத் தூக்குவோம். எனக்கு முடிவெட்டுற அண்ணன்தான் ஒருநாள் சொன்னாரு, “அப்பு, நீ தீட்டுறதெல்லாம் இருக்கட்டும், ஒரு சொம்பு நல்லதண்ணில நுரையைப் போட்டுப் பாரு.” காவிரித்தண்ணி வந்த அன்னைக்கு கொடத்துலேர்ந்து ஒரு சொம்பு எடுத்து லேசா சுட வச்சு, மூஞ்சியை ரெண்டு மூணு நிமிஷம் ஊற வச்சுப் பண்ணேன். அதே பிளேடு, தீட்டவே இல்ல, பஞ்சு மாதிரிப் போச்சு. குடிக்கிற தண்ணியில ஷேவிங்கான்னு வீட்டுல ஏச்சு விழுந்தது தனிக் கதை, ஒரு சொம்புக்கு மேல எடுக்குறதில்லன்னு சமாதானம் ஆச்சு.

கடைசி அலசுக்கும் அதே நல்லதண்ணிதான். ஸ்டெயின்லெஸ்னா துருப்புடிக்காதுன்னு நம்பாதீங்க, உப்புல இருக்குற குளோரைடு அதையும் புள்ளி புள்ளியா அரிக்கும், அது ஆரம்பிக்கிறது மெல்லிசான முனையிலதான். அலசி, உதறி, காய வைங்க. துணியால கூரு மேல குறுக்கத் தொடைக்காதீங்க. ஈரத்தோட தீட்டவும் வேண்டாம், தோலும் கெடும். பாத்ரூம்ல வைக்காம உள்ரூம்ல மூடுன டப்பாவுல வைங்க, காத்துலயே உப்பு இருக்குற ஊரு இது.

இதெல்லாம் நம்ம மூஞ்சிக்கு நாமே பண்றதுக்கு மட்டும். தீட்டிட்டோம்ல சுத்தமாகிருச்சுன்னு ஒருத்தர் பிளேடை இன்னொருத்தருக்குப் போடுறது அண்ணன் தம்பிக்குள்ளகூட கூடாது. மஞ்சக்காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளிய குறைஞ்சது 7 நாள் உசுரோட இருக்கும், காஞ்ச ரத்தத்துலயும்தான். சலூன்ல போனா நம்ம கண்ணு முன்னால புது பிளேடு பிரிக்கிறாங்களான்னு பாருங்க, பிரிக்கலன்னா கேளுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

தீட்டியும் இழுக்குதுன்னா தூக்கிப் போட்டுருங்க, நாலஞ்சு ரூபா சமாச்சாரம். போடுறதையும் மண்ணுல போடாதீங்க, நம்ம புள்ளைங்க செருப்பில்லாம ஓடுற எடம். மூடியில கீறல் விட்ட ஒரு பழைய தகர டப்பா வச்சிருக்கேன், எல்லா பிளேடும் அதுக்குள்ளதான் போகும், ரெண்டு வருஷமா இன்னும் கால்வாசிகூட நெறையல.