வளர்ந்த நாயொன்று வீட்டுக்கு வருகிறது: முதல் மூன்று மாதம் என்ன செய்வது?

குட்டி நாய் என்றால் கேட்டு வாங்கிப் போக ஆள் இருக்கும். ஐந்து வயது நாய்க்கு அப்படி யாரும் வருவதில்லை. எங்கள் சுதுவுக்கும் அதே நிலைதான். அபயபுரத்தில் இருந்த சிங்களக் குடும்பம் ஒன்றுக்கு வேலை இடமாற்றம் வந்தது. போகிற இடம் வாடகை வீடு, நாய் வைத்திருக்க முடியாது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவு பெரிது என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அன்றிரவே தொலைத்தும் விட்டோம். அந்தக் கதை கீழே வரும்.

முதன்முறை நாய் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குட்டி வளர்ப்பது வேறு, இது வேறு. வளர்ந்த நாய்க்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்திருக்கிறது, ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அதெல்லாம் ஏன் இல்லாமல் போனது என்று அதற்கு விளங்காது. ஆகவே நன்றியோடு காலைச் சுற்றி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாய் வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: திகைப்புத் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று கிழமை, தன் வீடு என்று நினைக்க மூன்று மாதம். சில நாய்கள் இதை முந்திவிடும், சிலவற்றுக்கு ஒரு வருடம்கூட எடுக்கும். ஒரு மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. கூட்டி வருவதற்கு முன் விசாரியுங்கள்

பழைய வீட்டாரைப் பிடிக்க முடிந்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடும்? எங்கே படுக்கும்? கடைசியாக விசர்நாய்த் தடுப்பூசி எப்போது போட்டது, அட்டை இருக்கிறதா? பூனை, கோழி, மோட்டார் சைக்கிளைக் கண்டால் என்ன செய்யும்? யாரையாவது கடித்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான் கேட்க மறந்தது ஒன்று: என்ன சொன்னால் விளங்கும்? இரண்டு நாளாக “இஞ்ச வா, இஞ்ச வா” என்று கத்திக்கொண்டிருந்தேன். அவன் என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்த மேசன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மெஹெ வரென்!” என்றார். சிங்களத்தில் ‘இங்கே வா’. சுது எழும்பி, வாலை ஆட்டிக்கொண்டு மதிலடிக்கு ஓடினான். இந்த ஊரில் நாய் எடுப்பவர்கள் அது எந்த மொழி வீட்டில் வளர்ந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பழைய வீட்டுச் சாக்கு, துணி, தட்டு ஏதாவது தந்தால் அப்படியே கொண்டு வாருங்கள். தோய்க்க வேண்டாம், அந்த மணம்தான் தேவை.

2. வளவைச் சுற்றி ஒரு நடை

வேலியில் ஓட்டை, கேற்றுக்குக் கீழே இடைவெளி, மதிலோடு சாய்த்து வைத்த மரக்குற்றி எல்லாவற்றையும் பாருங்கள். கிணற்றுக் கட்டு உயரம் குறைவாக இருந்தால் மூடி போடுங்கள். எலிப் பாஷாணம் எங்காவது வைத்திருந்தால் எடுத்து விடுங்கள்.

படுக்கைக்கு ஒரு மூலை வேண்டும். விறாந்தையின் ஒரு பக்கம், ஆட்கள் குறுக்கே போய் வராத இடமாக இருக்கட்டும். மே தொடங்கிக் கச்சான் காற்று அனலாக வீசும்போது நிழல் தேவை. மாரியில் தூவானம் அடிக்கக் கூடாது. இரண்டுக்கும் பொருந்துகிற இடம் எங்கள் வீட்டில் குசினிக்குப் பின்பக்கத் தாழ்வாரம்தான். அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “வாசற்படி தாண்டக் கூடாது” என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். வீட்டுச் சட்டம் எதுவானாலும் நாய் வருவதற்கு முன்பே எல்லோரும் பேசி முடித்துவிடுங்கள். ஒருவர் உள்ளே கூப்பிட, இன்னொருவர் விரட்ட, நாய்க்கு ஒன்றும் விளங்காது.

பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு ஒரு பக்கத்தில் முஸ்லிம் குடும்பம். தொழுகைக்குப் போகிற உடுப்பில் நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்குச் சிரமம். அந்த வீட்டு மாமியிடம் முன்கூட்டியே போய்ப் பேசி, அந்தப் பக்க வேலிக்கு வலை அடித்தோம். இன்றைக்கு வரை ஒரு முறைப்பாடு இல்லை.

3. வரும் நாளில்

காலையில் கூட்டி வருவது நல்லது. முழுப் பகலும் இடத்தைப் பழகலாம். நாங்கள் பின்னேரம் கூட்டி வந்தது முதல் பிழை.

இரண்டாவது பிழை, நாய் பார்க்கச் சனத்தைக் கூப்பிட்டது. சித்தி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், எதிர் வீட்டு அண்ணா, அவருடைய கூட்டாளிகள் என்று பொழுதுபட முன் வளவு நிறைந்துவிட்டது. சுது வாழைக்குள் போய்ப் படுத்தான். நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான், இரண்டு தரம் கொட்டாவி விட்டான். நித்திரை வருகிறது போல என்று நாங்கள் சிரித்தோம். பயந்த நாய்தான் அப்படி வெறுமனே நக்கும், கொட்டாவி விடும், தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்க்கும் என்று அப்போது தெரியாது. சனம் புறப்படும்போது கேற் ஒரு நிமிடம் திறந்து கிடந்தது.

ராத்திரி பதினொரு மணி வரை டோர்ச்சோடு தேடினோம். விடியக் காலையில்தான் பழைய வீட்டு ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால், பூட்டிக் கிடந்த அந்தக் கேற்றுக்கு முன்னால் சுருண்டு படுத்திருந்தான்.

ஆகவே: ஓட்டோவிலிருந்து இறக்கும்போதே கழுத்துப் பட்டியும் கயிறும் இருக்க வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழையுமளவு இறுக்கம் போதும். தொலைபேசி இலக்கத்தைப் பட்டியில் எழுதிவிடுங்கள். கேற்றைப் பூட்டிய பிறகு, கயிற்றோடே வளவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள். முதலில் சிறுநீர் கழிக்கும் இடம், பிறகு தண்ணீர், கடைசியில் படுக்கை. அவ்வளவுதான் அன்றைய வேலை. குளிப்பாட்டுவதெல்லாம் ஒரு கிழமை பொறுக்கட்டும்.

4. முதல் மூன்று நாள்

சாப்பிடாது, அல்லது ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சாப்பிடும். ஊளையிடலாம். மூலையை விட்டு அசையாமல் கிடக்கலாம். இதெல்லாம் வழமை. ஆனால் தண்ணீரும் குடிக்காமல் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டாக உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பேப்பர் வாசிக்கலாம், கீரை ஆயலாம். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், குனிந்து தலையில் கை வைக்காதீர்கள். நாய் தானாக வந்து முகர்ந்தால் கழுத்தின் பக்கத்தில், நெஞ்சில் மெல்லத் தடவலாம். மூன்று தடவு தடவிக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அது கிட்ட வரும், போதுமென்றால் போய்விடும். எங்கள் வீட்டில் அவனை முதலில் பழக்கியது அம்மம்மாதான். அவர் ஒன்றுமே செய்யவில்லை. தாழ்வாரத்தில் இருந்து தேங்காய் துருவினார், அவ்வளவுதான்.

5. சாப்பாடு

பழைய வீட்டில் கொடுத்ததையே முதல் சில நாள் கொடுங்கள். மாற்றுவதென்றால் ஒரு கிழமை எடுத்து மாற்றுங்கள்: முதலில் முக்கால் பங்கு பழையது, பிறகு பாதி, பிறகு கால். சட்டென்று மாற்றினால் வயிற்றால் போகும். காலை, மாலை இரு நேரம், ஒரே மணிக்கு. அரை மணித்தியாலத்தில் மீதியை எடுத்துவிடுங்கள்.

நம்மூரில் மீனுக்குக் குறைவில்லை. சோற்றோடு அவித்த மீனோ கோழி ஈரலோ போதும், ஆனால் முள் எடுத்துக் கொடுங்கள். அவித்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பும் தூளும் போட்ட கறி வேண்டாம். வெங்காயம், உள்ளி (பூண்டு), சொக்லேட், முந்திரிகைப் பழம் (திராட்சை), அதன் வற்றல் எல்லாம் நாய்க்கு நஞ்சு. நத்தார் கேக்கில் வற்றல் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

6. ஊசியும் உண்ணியும்

முதல் கிழமைக்குள் மிருக வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். தடுப்பூசி அட்டை இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, சில கிழமை எடுக்கும். பிறகு வருடா வருடம் போட வேண்டும். பூச்சி மருந்து, கருத்தடை பற்றியும் அப்போதே கேட்கலாம். நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்று 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

யாரையாவது கடித்தால், கீறினால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு பூசுகிற வேலையும் வேண்டாம்.

உண்ணி இந்தச் சூட்டுக்கு வருடம் முழுக்க இருக்கும். காதுக்குள், கால் விரலிடுக்கில், பட்டிக்குக் கீழே தினமும் தடவிப் பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் குச்சி வைப்பது எல்லாம் வேண்டாத வேலை. சொறிக்கு எஞ்சின் ஒயில் பூசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாய் அதை நக்கும், அது நஞ்சு. உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோரும், சாப்பாடு மறுக்கும், முரசு (பல் ஈறு) வெளிறும், சில நேரம் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

7. வெளிக்குப் போகப் பழக்குவது

எழும்பியவுடன், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், படுக்க முன். மூன்று வேளையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். வெளிக்குப் போய் முடித்தவுடன் அந்த இடத்திலேயே ஒரு துண்டு மீன் கொடுங்கள். விறாந்தையில் போய்விட்டால் பேசாமல் துடையுங்கள். மூக்கை அதில் தேய்ப்பது பழைய பழக்கம், அதனால் நாய் ஒளித்துப் போகத்தான் படிக்கும். வினாகிரி கலந்த தண்ணீரால் கழுவினால் மணம் போகும்.

நடக்கக் கூட்டிப் போவது இரண்டாம் கிழமையிலிருந்து. காலை ஏழு மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். கடற்கரைக்கு அவசரப்பட வேண்டாம். அங்கே கூட்டமாகத் திரியும் நாய்களுக்குப் புது முகம் பிடிக்காது.

8. பிள்ளைகளும் உறுமலும்

நாய் சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் கிட்டப் போகக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் போதும். சிறு பிள்ளையை நாயோடு தனியே விடாதீர்கள்.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது “கிட்ட வராதே” என்று சொல்வது. அடித்து அதை நிற்பாட்டினால், அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். தட்டுக்கு உறுமுகிற நாய் என்றால், தட்டை எடுக்கப் போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று நல்ல துண்டொன்றை எறிந்துவிட்டு விலகுங்கள். நாள் போகப் போக, ஆள் வந்தால் துண்டு வரும் என்று படித்துவிடும். அது பல்லைக் காட்டிப் பாய்ந்தால் நீங்களே முயலாமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

9. தனியே விடுவது

முதல் நாளே எட்டு மணித்தியாலம் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். கேற்றுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். பிறகு கடை வரை, பிறகு ஒரு மணித்தியாலம். போகும்போது கொஞ்சல் வேண்டாம், வரும்போது ஆரவாரமும் வேண்டாம். தீபாவளி வெடியும் டிசம்பர் 31 நள்ளிரவும் வேறு கதை. அன்று யாராவது வீட்டில் இருங்கள், கயிற்றில் கட்டி வெளியே விடாதீர்கள். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டு, அறைக்குள் வையுங்கள். அம்மம்மாவின் வாசற்படிச் சட்டம் முதலில் தளர்ந்தது அப்படியொரு ராத்திரியில்தான்.

10. புதுச் சொல் பழக்குவது

பெயரை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ‘சுது’ என்றால் வெள்ளை, அவனும் வெள்ளை. சொல்லை மாற்றலாம். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது: புதுச் சொல் முதலில், பழைய சொல் பிறகு. “இஞ்ச வா” என்று சொல்லி, ஒரு விநாடி விட்டு, “மெஹெ வரென்” என்று சொல்லுங்கள். வந்ததும் தீனி. ஒரு நேரத்தில் ஐந்தாறு தரம், நாளுக்கு இரண்டு நேரம். சில நாளில் இரண்டாவது சொல்லுக்கு முன்பே எழும்பி வரும். குளிப்பாட்டவோ பூட்டவோ அந்தச் சொல்லால் கூப்பிடாதீர்கள், கெட்டுப்போகும்.

வளவுக்குள் நன்றாகப் படித்தாலும் தெருவில் கயிற்றை விடாதீர்கள். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் மாடுகளைப்போல நகரத்துக்குள்ளும் உலாவும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் மாதம் ஒரு காலை, வீதியோரம் குப்பை மேய்ந்த மானொன்றைச் சுது கண்டான். முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றான், கயிறு விறைத்தது. “இஞ்ச வா” என்றேன், காது அசையவில்லை. இன்னொரு தரமும் சொன்னேன். கடைசியில் “மெஹெ வரென்” என்றதும் தலையைத் திருப்பினான். மீன் துண்டு வீட்டிலிருந்தது, சட்டைப் பையில் மாரி பிஸ்கட் ஒன்றுதான் இருந்தது. அதையே கொடுத்து வந்த வழியே திரும்பினோம்.