நோராகாமி படிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு பக்கம் புரட்டினால் அது தானாகப் பழகிவிடும். அடாச்சிடோகாவின் ஜப்பானிய மங்கா (காமிக்ஸ்) தொடரான நோராகாமி 2010 டிசம்பரில் கோடன்ஷாவின் மாத இதழில் தொடங்கி, 2024 ஜனவரியில் முடிந்தது. மொத்தம் 27 தொகுதிகள். முழுக்கதையும் கிடைக்கிற இந்தக் காலத்திலும் புதிதாக வருகிறவர்கள் அதே நாலைந்து இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

அனிமே பார்த்தாயிற்று, பத்தாம் தொகுதியிலிருந்து போதும்

போதாது. எத்தனை முறை சொன்னாலும் அடங்காத எரிச்சல் இது. இந்தக் கதை அனிமேயாக (அனிமேஷன் தொடராக) 2014இல் 12 எபிசோடு, 2015இல் 13 எபிசோடு என இரண்டு சீசன் வந்தது. இரண்டாவது சீசன் பாதாளப் பகுதியோடு நிற்கிறது. மங்காவில் அது ஏறக்குறைய ஒன்பதாம் தொகுதி. உடனே யாராவது ஒருவர் "பத்தாவதை வாங்கு" என்று கை காட்டிவிடுவார், கேட்டவரும் வாங்கிவிடுவார்.

சிக்கல் முதல் சீசனின் கடைசி மூன்று எபிசோடுகளில் இருக்கிறது. அங்கே வரும் ராபோ என்ற அழிவுத் தெய்வம் மங்காவில் கிடையாது, அனிமேக்காக உருவாக்கியது. கதாநாயகனான யாட்டோ என்ற தெய்வத்தின் இருண்ட பழங்காலத்தை அந்த மூன்று எபிசோடுகளும் தங்கள் வசதிக்கு ஒரு மாதிரி சொல்லி முடித்துவிடுகின்றன. மங்காவோ அதைப் பல தொகுதிகளுக்குப் பொத்தி வைத்து, தொடரின் நடுவில்தான் அவிழ்க்கிறது. அனிமேயோடு நின்றவர் அந்த இடத்துக்கு வரும்போது "இது முன்னாடியே தெரிந்ததுதானே" என்று வேகமாகத் தள்ளிவிட்டுப் போகிறார். அவருக்குத் தெரிந்தது வேறு கதை. பிறகு யாட்டோவின் 'அப்பா' ஏன் அவனை இப்படி ஆட்டிவைக்கிறார், பழைய கூட்டாளியான நோராவிடமிருந்து அவனால் ஏன் விலக முடியவில்லை என்று புலம்பிக்கொண்டே பதினைந்தாவது தொகுதியில் புத்தகத்தை மூடிவைக்கிறார்.

இதற்கு ஒரே மருந்து, ஒன்றாம் தொகுதி. முதல் மூன்று தொகுதிகள் அனிமேயில் பார்த்த சம்பவங்கள்தான், வேகமாகவே போகும். நான்கிலிருந்து ஒன்பது வரை மட்டும் நிதானம் வேண்டும். பிஷாமோன் என்ற போர்த்தேவதையின் குடும்பத்து உட்பூசலும், அயகாஷி என்ற தீய ஆவிகளுக்குப் பெயர் சூட்டி அடக்கும் தூரிகையும் அங்கேதான் வருகின்றன. பின்பாதிக் கதையின் பெரும்பாரம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

பெயர்களை ஓரமாகத் தள்ளுவது

இறந்த மனிதரின் ஆவிக்கு ஒரு தெய்வம் பெயர் சூட்டினால் அது ஷின்கி ஆகிறது, அதாவது அந்தத் தெய்வத்தின் ஆயுதம். பெயரின் கடைசி அசையைப் பார்த்தாலே எஜமான் யார் என்று சொல்லிவிடலாம். யாட்டோ வைத்தால் 'நே', அதனால் அவனுடைய ஷின்கி யுகினே. பிஷாமோன் வைத்தால் 'ஹா': குராஹா, அய்ஹா, குகாஹா. ஆயுதமாக மாறும்போது கூப்பிடுகிற பெயர் வேறு. யுகினேயை 'செக்கி' என்று அழைத்தால்தான் கத்தியாவான்.

பிஷாமோனின் வீட்டில் கசுமாவுக்கு மட்டும் 'மா' என்று முடிகிறதே, ஏன்? அதைக் கவனித்தவர்களுக்கு அந்த வீட்டின் பழைய துயரம் வெளிப்படுவதற்கு முன்பே லேசாக உறைக்கும். அதேபோல தெஞ்சின் என்ற தெய்வத்திடம் இருக்கும் ஷின்கி மாயு ஒரு காலத்தில் தோமோனே. யாரை விட்டு ஓடிவந்தவள் என்று அந்த 'நே'யே சொல்லிவிடுகிறது. ஒரு துண்டுக் காகிதத்தில் தெய்வம், ஷின்கி, ஆயுதப் பெயர் என்று மூன்று பத்தி போட்டு எழுதி வைத்துக்கொண்டால் பின்பாதியில் திணறமாட்டீர்கள்.

எபிசுவும் டைகோகுவும்

கோஃபுகு வறுமைத் தெய்வம். அதை வெளியே சொன்னால் யார் வாசலில் சேர்ப்பார்கள்? அதனால் எபிசு என்ற மங்கலப் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு திரிகிறாள். அவளுடைய ஷின்கியின் பெயர் டைகோகு. பெயர் தெய்வத்தின் பெயர்தான், ஆனால் அவன் தெய்வமல்ல. அசல் எபிசு பிறகு வருகிறார், அவர் வேறு ஆள். இரண்டு எபிசுவையும் ஒன்றாக்கிக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

நம்ம ஊர் சாமிகளை வைத்து அளப்பது

பிஷாமோன் என்பது வைசிரவணன், அதாவது குபேரன், பென்சைத்தென் சரஸ்வதி. பௌத்தத்தின் வழியாக ஜப்பானுக்குப் போனவர்கள். தொடர்பு உண்மைதான், ஆனால் கதைக்கு அது உதவாது. இங்கே பிஷாமோன் சிங்கத்தின் மேல் வரும் போர்த்தேவதை. இந்தத் தொடரில் தெய்வம் சாகும். கும்பிடுகிறவர்கள் இருந்தால் குழந்தையாகத் திரும்ப வரும், பழைய நினைவு மட்டும் இருக்காது. யாட்டோவுக்குக் கோயிலும் இல்லை, பக்தர்களும் இல்லை. 5 யென்னுக்கு எந்த வேலைக்கும் ஓடுகிற அவனுடைய கோமாளித்தனத்துக்கு அடியில் இருக்கும் பயம் இதுதான். "சாமிக்கு ஏது சாவு" என்ற நினைப்போடு படித்தால் அந்தப் பயம் பிடிபடாது.

சின்னப் பேனல்களைத் தாண்டுவது

ஷின்கி தப்பு செய்தால் தெய்வத்துக்கு வலிக்கும். இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் யாட்டோ பின்கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் பேனல்களை விடாமல் பாருங்கள். யுகினே எதைத் திருடினான், யாரை வெறுத்தான் என்ற கணக்கு அங்கேதான் ஏறுகிறது. யாட்டோவோடு சுற்றும் மனிதப் பெண் ஹியோரிக்கு வால் தெரிந்தால் உடலை விட்டு ஆவி வெளியே வந்திருக்கிறது என்று பொருள். அந்த வால் அறுந்தால் உயிர் போய்விடும். சண்டைக் காட்சியில் கண் முதலில் போக வேண்டிய இடம் அது.

யுகினே பெயரைத் தேடுவது

வேண்டாம். இணையத்தின் தேடல் பெட்டியே மிச்சக் கதையைச் சொல்லிவிடும்.

பாதியில் மொழிபெயர்ப்பை மாற்றுவது

ரசிகர்கள் மொழிபெயர்ப்பில் ஷின்கி, அயகாஷி என்று ஜப்பானியச் சொற்கள் அப்படியே இருக்கும். கோடன்ஷாவின் ஆங்கிலப் பதிப்பில் அவை ரெகாலியா, ஃபேண்டம். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாறினால் யார் என்ன என்பதே குழம்பும். முதலிலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வப் பதிப்பின் அச்சு தெளிவு, பின்னட்டைப் பக்கம் வரும் குட்டிக் கதைகளும் விடுபடாது.

பக்கக் கதைத் தொகுதியை முதலில் எடுப்பது

ஸ்ட்ரே ஸ்டோரீஸ் தனித் தொகுதி. ஒரே புத்தகம்தானே, ருசி பார்க்கலாம் என்று இதில் தொடங்காதீர்கள். ஆட்கள் பழகிய பிறகு, மூன்று நான்கு தொகுதிகள் தாண்டி எடுத்தால் சிரிக்கலாம்.