கடல் கடந்த இருதய நோயாளிகளுக்கு உதவ நினைக்கும் சங்கங்களுக்கு

கோலாலம்பூரில் ஒரு சங்கம் நிதி விருந்து வைத்து 30,000 ரிங்கிட் திரட்டிவிட்டால், அடுத்த செயலவைக் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை, இலங்கையிலோ மியன்மாரிலோ ஓர் ஏழைக் குழந்தைக்கு இருதய அறுவை சிகிச்சை செய்து வைக்கலாம் என்பதாகத்தான் இருக்கும். யோசனையில் குற்றமில்லை. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் அந்தக் குழந்தையை அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு யார் கவனித்துக்கொள்வார்கள் என்று விசாரிக்காமல் காசோலையில் கையெழுத்திடக் கூடாது.

முதலில் எந்த நோய்க்கு உதவப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. சாதாரணத் துவாரமாக இருந்தால், உரிய வயதில் அடைத்துவிட்ட பின் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். ருமாட்டிக் இருதய நோய் அப்படிப்பட்டதன்று. கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணில் தொடங்கி, ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, இருதயத்தில் இரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகளைச் சிதைக்கும் இந்நோயால் உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் அவதிப்படுகிறார்கள். பெரும்பாலோர் ஏழை நாட்டவர். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சாத்தின் பென்சிலின் ஊசியே வால்வு மேலும் கெடாமல் காக்கும். ஊசி மலிவு, ஆனால் வலி மிகுந்தது. பல ஆண்டுகள் தவறாமல் போட வேண்டும். ஆகவே மருந்து வாங்கித் தருவதைவிட, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் அழைத்துவரும் தாதிக்குச் சம்பளம் கொடுப்பதும், ஊசிப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்க உதவுவதும் அதிகப் பயன் தரும். விருந்து மேடையில் காட்டுவதற்கு இதில் ஒன்றும் இராது என்பது உண்மைதான்.

வால்வு மாற்றுச் சிகிச்சைக்குத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், மருத்துவமனையிடம் இரண்டு கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். உலோக வால்வு பொருத்தினால், இரத்தம் உறையாமலிருக்க நோயாளி ஆயுள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் எனப்படும் இரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். மருந்தின் அளவு குறைந்தால் வால்வு அடைபடும், கூடினால் இரத்தக் கசிவு. அந்தப் பரிசோதனைக்கு நோயாளி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது முதல் கேள்வி. பெண் பிள்ளையாக இருந்தால், வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதை எண்ணி எந்த வால்வைத் தேர்ந்தார்கள், குடும்பத்திடம் அதை விளக்கினார்களா என்பது இரண்டாவது. எமர்ஜென்சி என்னும் இத்தாலியத் தொண்டு நிறுவனம் 2007இல் சூடானின் கார்ட்டூம் அருகே திறந்த சலாம் மையம், அறுவை சிகிச்சையோடு அதற்குப் பிந்திய கண்காணிப்பையும் இலவசமாகவே வழங்கியது. இரண்டையும் சேர்த்து யோசிக்கும் இடங்களையே தேடுங்கள்.

பழைய இயந்திரம் அனுப்பும் ஆசை வந்தால் சற்றுப் பொறுங்கள். எங்கள் சங்கம் ஒருமுறை, ஒரு மருத்துவமனை கழித்துவிட்ட, ஒலியலைகளால் இருதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ இயந்திரத்தை வாங்கி ஒரு குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பியது. சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடந்து, கிடங்கு வாடகையும் கட்டி, பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பெரியவர்களுக்கான புரோப் (நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கைக்கருவி) மட்டுமே. கைக்குழந்தையின் சின்ன நெஞ்சைத் தெளிவாகப் பார்க்க அதிக அதிர்வெண் கொண்ட வேறு புரோப் வேண்டும். அதன் விலை, நாங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம். அன்றிலிருந்து, பெறுபவர் எழுதிக் கேட்காத எதையும் நாங்கள் அனுப்புவதில்லை. மருந்தானால், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மீதியிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

உள்ளூர் வேலைகளையும் முறையாகச் செய்யுங்கள். சங்கம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும்; வெளிநாட்டு உதவி அதன் நோக்கங்களில் இல்லையென்றால், சட்டவிதியைத் திருத்தி ஒப்புதல் பெற்ற பிறகே வசூலைத் தொடங்குங்கள். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் உண்டியல் ஏந்துவதானாலும், வீடு வீடாகப் போவதானாலும், வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பது குறித்த 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவில் அங்கீகாரம் கிடைக்காதவரை, வரிக் கழிவு உண்டு என்று துண்டறிக்கையில் அச்சிடாதீர்கள். குழந்தையின் பெயரும் படமும் அதில் வேண்டவே வேண்டாம்.

பணத்தைத் தனியாள் கணக்குக்கன்றி, மருத்துவமனைக் கணக்குக்கு வங்கி வழியாக, தவணைகளாக அனுப்புங்கள். அறுவை சிகிச்சைக்கு ஒரு தவணை போதும். அடுத்த தவணையை ஆறு மாதம் கழித்து, நோயாளியின் பெயரை மறைத்து அவர்கள் அனுப்பும் ஐ.என்.ஆர் அட்டைப் பிரதியில் தேதிகள் விடுபடாமல் இருப்பதைப் பொருளாளர் பார்த்த பிறகு விடுவியுங்கள். விடுபட்டிருந்தால் பணத்தை நிறுத்துவதற்கு முன், பேருந்துக் கட்டணம்தான் தடையா என்று கேட்டுவிடுங்கள்.