டெஸ்டோஸ்டிரோன் பார்க்க இரத்தம் கொடுக்கும் முன்

ஆண்களில் கூடுதலாகவும் பெண்களில் சிறிதளவும் சுரக்கும் ஓமோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவைப் பார்க்கும்படி வைத்தியர் துண்டு எழுதித் தந்தால், காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுப்பதே சரி. காலையில் உச்சத்தில் நிற்கும் இந்த ஓமோன் பின்னேரமாகும்போது இறங்கிவிடும், சாப்பாடும் அதைச் சற்றுக் குறைக்கும். திருகோணமலையில் இரவு முழுக்கக் கடலில் நின்று, விடியலில் வள்ளத்தைக் கரையேற்றிய கையோடு ஆய்வுகூடத்துக்குப் போகிறவர்கள், நன்றாகத் தூங்கி எழுந்த வேறொரு நாளைத் தெரிவு செய்ய வேண்டும், ஏனெனில் தூக்கமின்மையும் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். காய்ச்சல் நாட்களும் வேண்டாம்.

ஒரு தடவை குறைந்து வந்ததற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு அவசரப்படுவது பெரிய தவறு. இன்னொரு காலையிலும் பார்த்த பின்னரே வைத்தியர் முடிவெடுப்பார், அதிலும் வெளியிலிருந்து ஏற்றும் ஓமோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும் என்பதைப் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாதவிடாய் ஒழுங்கின்மை, நாடியில் தடித்த முடி, ஓயாத முகப்பரு உள்ள பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை எழுதப்படுகிறது; பெரும்பாலும் பொலிசிஸ்டிக் ஓவரி எனும் சூலக நீர்க்கட்டி நிலையே காரணமாக இருக்கும், ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே குரலும் தடித்தால் தாமதிக்கக் கூடாது. முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சில பரிசோதனை முறைகளில் அது அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.